ஆகட்டும் சாமி

முடியாது என்பதைச் சொல்ல அரசு உத்தியோகம் எனக்குப் பல வழிகளைக் கற்றுக்கொடுத்தது. பரிசீலனையில் இருக்கிறது, மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம், உதிரி பாகம் வரவேண்டும், அடுத்த வாரம் வந்து பாருங்கள். பஸ் பணிமனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டுக்குக் குடிவந்தபோது நான் கொண்டுவந்த சொத்தில் பாதி இந்த வாக்கியங்கள்தான்.

இங்கே நான் பழகிய ஒரு மெக்கானிக்குக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. அந்த ஒரு குறையால் சடையன் என்கிற லாரிக்காரனுக்கு இரண்டு கண்ணும் போயின. இது அந்த மெக்கானிக்கைப் பற்றியது. பெயர் வேண்டாம். மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

வெள்ளக்கடை போகிற வழியில், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. காக்கிச் சட்டைக்கு மேல் கையில்லாத ஒரு ஸ்வெட்டர். அது முதலில் என்ன நிறம் என்பதை அவர் மனைவியே மறந்திருப்பார். யாராவது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திக் குறையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் தலை ஆட ஆரம்பித்துவிடும். சொல்லி முடிப்பதற்குள் "ஆயிருமுங்க" வந்துவிடும். நோய் என்னவென்று கேட்கும் முன்பே குணமாகிவிடும் என்கிற டாக்டரிடம் நான் போகமாட்டேன். இவரிடம் போனேன். வேறு மெக்கானிக் வேண்டுமென்றால் மலை இறங்கவேண்டும்.

ஒரு நாள் காலை கரடியூர்க்காரர் ஒருவரின் பிக்கப் வழியில் நின்றுவிட்டது. போன் செய்தார். "இதோ வந்துட்டனுங்க" என்று இவர் கிளம்பினார். கிளம்பும்போதே பங்குச் சாமியாரிடமிருந்து போன். சர்ச் ஜீப் நகரமாட்டேன் என்கிறது, ஒரு அடக்கத்துக்குப் போகவேண்டும். அவருக்கும் "இதோ". இரண்டு பேரும் மதியம் வரை காத்திருந்தார்கள். இறந்தவரும் காத்திருந்தார். கடைசியில் ஆள் அகப்பட்டது ஒரு டீச்சரம்மா வீட்டில். அந்த அம்மாளின் மிக்ஸியைப் பிரித்துத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மிக்ஸி ரிப்பேர் தெரியாது.

"அந்தம்மா கேட்டுப்போட்டாங்க. மூஞ்சியப் பாத்துட்டு இல்லைன்னு எப்படிங்க சார் சொல்றது?" என்றார் என்னிடம்.

"போன் பண்ணினவங்களுக்கு மூஞ்சி இல்லையா?"

"அது மனசுக்குள்ள தெரியுமுங்களே!"

இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதன் பிறகு என் காருக்கு எண்ணெய் மாற்ற விட்டேன். ஃபில்டரையும் மாற்றினீர்களா என்று கேட்டேன். "மாத்திட்டனுங்க" என்றார். நான் பணிமனை ஆள். ஃபில்டரின் மேல் இருந்த பழைய தூசியைப் பார்த்ததும் மாற்றவில்லை என்று தெரிந்துவிட்டது. ஃபில்டருக்கு அவர் என்னிடம் எதுவும் வாங்கவும் இல்லை. அப்படியானால் எதற்குப் பொய்? அன்று முழுக்க யோசித்ததில் புரிந்தது, அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு நான் விரும்பிய பதிலைக் கொடுத்தார், அவ்வளவுதான். அவருடைய "ஆமாங்க"வில் செய்தி எதுவும் கிடையாது. இன்ஜின் எரிந்துகொண்டிருந்தாலும் பச்சையிலேயே நிற்கிற, சூடு காட்டும் முள் போல.

"எங்கூட்டுக்காரருகிட்ட தலையக் கேட்டாக்கூடக் கழட்டிக் குடுத்துருவாருங்க. அப்பறம் நட்டு எங்கேன்னு எங்கிட்ட வந்து நிப்பாரு" என்பார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அவர்களுடைய ஒரே மகளை, முதலில் வந்து கேட்டவனுக்கே இவர் கட்டிக்கொடுத்துவிட்டார் என்பதையும், அவன் குடிகாரன் என்பது இவருக்கு முன்பே தெரியும் என்பதையும் அந்த அம்மாள் சிரிக்காமல் ஒரு தரம் என்னிடம் சொல்லியிருக்கிறார். "பொண்ணு கேட்டு ஊடு தேடி வந்தவங்க, வாசல்ல நின்னு கேட்டாங்களாமா. இவரு வாயத் தொறந்தா ஒரே வார்த்தைதானுங்க வரும்."

சடையனுக்கு ஊர் வாழவந்தி. பரம்பரையாகத் தினையும் பழமரமும் வைத்திருந்த குடும்பத்தில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தவன். நிலத்தில் ஒரு பங்கை விற்று ஒரு லாரி வாங்கியிருந்தான். மலையிலிருந்து காப்பி மூட்டை இறங்கும். கீழேயிருந்து உரமும் சிமென்டும் ஏறும். வண்டி அவனுக்கு எல்லாமாக இருந்தது. மெக்கானிக்கை அண்ணா என்பான். அவர் இவனைச் சாமி என்பார். இவனுக்கு முப்பது வயது தாண்டியும் அது மாறவில்லை.

காப்பி பறிக்கிற பருவத்தில் ஒரு நாள் சடையன் வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தான். கூலன்ட் டப்பா விரிசல் விட்டிருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் நிற்கிற பிளாஸ்டிக் டப்பா அது. முன்பக்க மூடியைத் தூக்கினால் முகத்துக்கு நேரே இருக்கும். இரண்டு பாதிகள் சேர்கிற ஒட்டில் முடி அளவுக்கு ஒரு கோடு, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நான் நடைக்குப் போனவன் அங்கே நின்றேன்.

இதற்கான முறை கடினமானதே அல்ல. இன்ஜின் கையால் தொடும் அளவுக்கு ஆறவேண்டும். மூடியை மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை விடவேண்டும். மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டு, குழாய்களின் பட்டிகளைக் கழற்றி, அதே வண்டிக்கான புது டப்பாவை, அதற்கான மூடியோடு மாட்டவேண்டும். பச்சைக் கூலன்டும் தண்ணீரும் கலந்து ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, ஓடவிட்டுப் பார்த்து, ஆறிய பிறகு அளவை மறுபடி பார்க்கவேண்டும். என் பணிமனையில் பயிற்சிக்கு வந்தவர்கள் தூக்கத்தில்கூட இதை ஒப்பிப்பார்கள்.

"புது டப்பா சேலத்துலருந்து வரோணும் சாமி" என்றார் மெக்கானிக். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஏனுங்ணா, சாயங்காலம் லோடு இறக்கோணுமுங்க. இன்னைக்கு விட்டா எஸ்டேட் ரைட்டரு வேற வண்டிக்குக் குடுத்துருவாரு. எதாவது பண்ணுங்ணா."

தலை ஆடியது. "ஆயிரும் சாமி."

கொட்டகைக்குப் பின்னால் கிடந்த வேறொரு லாரியின் டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்தார். தாங்கிக்குக் கட்டுக்கம்பி போட்டு உட்காரவைத்தார். மூடி மட்டும் சரியாக உட்காரவில்லை, மரை தேய்ந்திருந்தது. வண்டியை ஓடவிட்டதும் மூடியோரம் கசிந்தது.

"ஒரு சொட்டுக்கூட ஒழுகாமப் பண்ணிக் குடுங்ணா" என்றான் சடையன்.

பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்து இறுக்கினார். கசிவு நின்றது. நான் வாயைத் திறந்தேன்.

"அந்த மூடிக்குள்ள ஒரு சின்ன வால்வு இருக்கு. அழுத்தம் ஏறினா ஆவியை வெளியே விடறதுக்கு. அதை அடைச்சிட்டீங்க."

"மலையேறுற வண்டிதானுங்க சார். இந்தக் குளிருக்கு அவ்வளவு சூடேறாதுங்க."

இந்த மலையில் பலருக்கும் உள்ள நம்பிக்கை இது. கூலன்டே இங்கே எதற்கு என்பார்கள். வளைவுகளில் பாறையிலிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவார்கள். அதைவிடக் குளிர்ச்சி கடையில் கிடைக்குமா என்பார்கள். குளிர் ரோட்டுக்குத்தான், மூட்டையோடு ஏறுகிற இன்ஜினுக்கு இல்லை என்றேன்.

சடையன் சிரித்தான். "சார் கவர்மென்ட்டு பஸ்ஸப் பாத்தவருங்ணா. அது ஓடலைன்னாலும் அவருக்குச் சோறு வந்துருச்சு. எனக்கு இது ஓடுனாத்தானுங்க."

மெக்கானிக் என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "சார் சொல்றதும் செரிதான் சாமி. நாளைக்கு வா, புதுசு வாங்கி மாட்டிப்போடலாம்" என்றார். "வர்றனுங்ணா" என்றான் அவன். ஒரே வண்டியின் முன்னால் எங்கள் இருவருக்கும் ஆமாம் சொல்லிவிட்டார்.

சடையன் வரவில்லை. ஒழுகாத டப்பாவை எவன் மாற்றுவான்? வண்டி வாரக்கணக்கில் ஓடியது. பார்க்கும்போதெல்லாம் சடையன் ஹாரன் அடித்துக் கையை ஆட்டுவான், என் சாஸ்திரம் தோற்றதைக் கொண்டாடுவதுபோல.

கோடை பிறந்து, கீழே சேலம் கொதிக்க ஆரம்பித்திருந்த சமயம். மதியம் நான் கொட்டகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக்கின் கை முழுக்க கிரீஸ். போன் அடித்தபோது முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நாந்தானுங்க. முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. ஊத்து வளைவுல வண்டிய ஓரங்கட்டிட்டேன்."

"செரி சாமி."

"ஆவி கீவி ஒண்ணும் வரலீங்க, கம்முனுதான் இருக்குது. குடத்துல தண்ணி பிடிச்சு வெச்சிருக்கேன். மூடியத் தொறக்கட்டுங்களா?"

ஆவி எப்படி வரும்? அது போகவேண்டிய வழியில் சைக்கிள் டியூப் இருந்தது. அது மெக்கானிக்குக்குத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தார். பார்த்த பார்வையில் எல்லாம் இருந்தது. தெரியாதவனின் பார்வை அல்ல அது. போனுக்குள் ஹாரன் சத்தம் விடாமல் கேட்டது.

"பின்னாடி பஸ்ஸு நிக்குதுங்ணா, வளைவுல திருப்ப முடியாம கத்தறானுவ. நொம்ப நேரம் நிக்க முடியாது. தொறந்து ஊத்திரட்டுங்களா?"

"ஆகட்டும் சாமி. துணி போட்டு மெல்லத் தொற."

"வேண்டாம்!" என்று நான் கத்தியபோது டீ என் வேட்டியில் கொட்டியது. "சடையா, தொடாதே, ஆறட்டும்!" அதற்குள் அவன் போனை வைத்துவிட்டிருந்தான்.

"கூப்பிடுங்க. உடனே கூப்பிடுங்க."

கிரீஸ் விரல் திரையில் வழுக்கியது. நான் பிடுங்கி அழுத்தினேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த கைகளையே மறுபடி துடைத்தார். கடைசியில் யாரோ எடுத்தார்கள். பஸ் கண்டக்டர். அவர் பேசியது எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பின்னால் கேட்ட அலறல் கேட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் முகத்தையும் கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். டாக்டர் சடையனின் மனைவி அலமேலுவை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டார். கொதிநீரில் கருவிழிகள் வெந்துவிட்டன, உள்ளேயும் கெட்டுவிட்டது, பார்வைக்கு வழியில்லை. நானும் மெக்கானிக்கும் பக்கத்திலேயே நின்று கேட்டோம். கொஞ்சம் தேறட்டும், பக்குவமாகச் சொல்லலாம் என்றார் டாக்டர். சரியான நடைமுறைதான். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

உள்ளே போனோம். காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டான்.

"அண்ணாங்களா?"

"நாந்தான் சாமி."

"யாரக் கேட்டாலும் மழுப்பறாங்க. நீங்க சொல்லுங்ணா. கண்ணு வந்துருமுங்களா?"

அலமேலு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் கேட்கலாம் என்று சொல்லியிருக்கலாம். இருமியிருக்கலாம். சும்மா நின்றிருக்கலாம். அரசு ஊழியனுக்கு இதற்கெல்லாம் பயிற்சி உண்டு.

"வந்துரும் சாமி" என்றார் மெக்கானிக். "நல்லா வந்துரும்."

கட்டுக்குக் கீழே சடையனின் உதடு விரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு டாக்டர் பக்குவமாகச் சொன்னார். அலமேலு சொன்னாள். சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவன் எவரையும் நம்பவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும், அண்ணன் சொன்னாரே என்றான். கோல் பிடித்து நடக்கப் பழகமாட்டேன் என்றான். கொஞ்ச நாளைக்காக எதற்கு என்று கேட்டான். கண்ணில்லாதவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற இடத்துக்கு எழுதிப்போடலாம் என்று நான் போனேன். வழிமுறை எல்லாம் எனக்குத் தெரியும். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். "இந்தக் கண்ணு செரியானப்பறம், பொய் சொல்லிச் சேந்தேன்னு அவங்க சும்மா உடுவாங்களா சார்?" என்றான். லாரியை வாங்க ஆள் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டான். மழையில் நின்ற லாரி அடித்தட்டில் துருப்பிடிக்கத் தொடங்கியது. அதை விற்றால்தான் அந்த வீட்டுக்கு வழி. அலமேலு எஸ்டேட் வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் வந்தாள். "ஏனுங்க சார், அந்த மெக்கானிக்கண்ணன ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. கண்ணு வராதுன்னு அவரு வாயால சொன்னாத்தான் இவரு நம்புவாரு. நான் சொன்னா, வண்டிய விக்கறதுக்குப் பொய் சொல்றேன்னு திட்டறாருங்க."

மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினார். "சொல்லிப்போடறனுங்க சார். நாளைக்கே சொல்லிப்போடறேன்."

அதை நம்பும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அவர் போனது உண்மை. ஒவ்வொரு வாரமும் போனார். போய், சடையன் கேட்டுக்கொண்டபடி லாரியைக் கிளப்பி ஓடவிட்டு, பேட்டரியை உயிரோடு வைத்துவிட்டு வந்தார்.

மழைக்காலம் முடிந்ததும் சடையன் அவருக்குச் சொல்லி அனுப்பினான். பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டவேண்டும். கண் வந்ததும் வண்டி தயாராக இருக்கவேண்டும். மெக்கானிக் தானே சேலம் போய் வாங்கிவந்தார். நீங்களும் கூட வாங்க சார் என்று என்னை அழைத்தார். ஏன் என்று சொல்லவில்லை.

வாழவந்தியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே லாரி நின்றது. சடையனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முகத்தின் மேல்பாதி உருகி ஆறியிருந்தது. முன்மூடியைத் தூக்கும் சத்தத்துக்கு அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அன்று மெக்கானிக் செய்த வேலையில் நான் குறை காண ஒன்றும் இல்லை. அந்த வாரம் இன்னும் கிளப்பியிராத இன்ஜினின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஆறியிருக்கிறதா என்று நிச்சயம் செய்துகொண்டு, பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மூடியைக் கால் திருகு திருகி நிறுத்திக் காதை வைத்துக் கேட்டார். வடித்தார். பட்டிகளைக் கழற்றினார். சைக்கிள் டியூப் வட்டத்தை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். புது டப்பா, புது மூடி, புதுப் பட்டிகள். பச்சைக் கூலன்டை அளந்து கலந்து ஊற்றினார். காற்றை வெளியேற்றினார். சாவியைத் திருப்பினார். முள் ஏறி, நடுவில் வந்து, அங்கேயே நின்றது.

"சத்தம் நல்லாருக்குதுங்ணா" என்றான் சடையன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "பொங்கலுக்கு நானே ஓட்டிருவேன். இல்லீங்களா?"

டீ கொண்டுவந்த அலமேலு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மெக்கானிக் வண்டிக்குள்ளிருந்து இறங்கினார். துணியை எடுத்தார், கையைத் துடைக்கவில்லை.

"இல்ல சாமி."

"அடுத்த தீபாவளி ஆயிருங்களா?"

"இல்ல. ஓட்ட முடியாது. கண்ணு வராது சாமி."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சடையன் சிரிக்க முயன்றான். "யாரு, இவ சொல்லச் சொன்னாளுங்களா?"

"டாக்டரு சொன்னாரு. அன்னைக்கே சொன்னாரு. நீ எங்கிட்டக் கேட்டயே, அதுக்கு முன்னாடியே."

"வண்டிய நிறுத்துங்க" என்றான் சடையன். நான் போய் நிறுத்தினேன். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மரம் கழிக்கிற சத்தம் அப்போதுதான் கேட்டது.

"இன்னொண்ணு கேக்கறேன். செரியாச் சொல்லோணும்." இப்போது அண்ணா இல்லை. "வளைவுல நின்னு போன் பண்ணினேன். தொறக்கட்டுங்களான்னு கேட்டேன். அப்பத் தொறக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. சடையனின் முகத்தையே, அந்த உருகிய இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும் சாமி" என்றார்.

சடையன் எழுந்தான். அலமேலு பிடிக்க வந்தாள், கையைத் தட்டிவிட்டான். லாரியின் பக்கப் பலகையைத் தடவியபடி அதன் நீளத்துக்கும் நடந்தான். பலகை முடிந்த இடத்தில் கையை நீட்டி வெறும் காற்றில் துழாவினான். சுவர் கிடைத்தது. சுவரிலிருந்து கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

மெக்கானிக் முன்மூடியை இறக்கி, அது பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்தார்.